பதினான்கு விநாடி வீடியோவில் இல்லாதது

"இந்தச் சத்தம் கேட்டா எங்க ஓடணும்னு எனக்கு யாரு சொன்னா?"

கம்சலா அக்கா விசாரணையில் இப்படிக் கேட்டார். சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். போன மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகும். அதற்கு எங்களுக்குக் கிடைத்தது வேறு வீடு அல்ல, மண்சரிவு ஒத்திகை. அதிகாரிகள் தொண்டர்களாக ஐந்து பேரைப் பிடித்து, என் கையில் ஓர் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் சைரன் ஊதும். ஊதியதும் எல்லோரும் கோயில் மேட்டுக்கு ஓட வேண்டும். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். கம்சலா அக்கா வேலை செய்யும் பிள்ளைக்காம்பராவுக்கு மட்டும் சொல்லவில்லை. அங்கே நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்றார்கள். நோட்டீஸ் சிங்களத்தில் இருந்தது. அக்காவுக்குச் சிங்களம் வாசிக்க வராது என்று தெரிந்தும் அந்த வாசலைத் தாண்டிப் போனேன்.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. கம்சலா அக்கா அங்கே ஐந்து வருடமாகப் பிள்ளை பார்க்கிறார். எண்பத்து மூன்று கலவரத்தில் அவருடைய குடும்பம் பசறையிலிருந்து வன்னிக்கு ஓடியது. அக்கா பிறந்தது அங்கே. யுத்தம் முடிந்து, முகாமில் இருந்துவிட்டு, மாமாவின் லயத்துக்கு வந்தபோது வயது பதினொன்று. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

காலை பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். லயத்து ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். பிள்ளைக்காம்பராவிலிருந்து யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தோம். கட்டடத்துக்குப் பின்னால், மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒன்பது பிள்ளைகள் குப்புறக் கிடந்தார்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு துணிச் சுருள். அவர்களுக்கு மேல் அக்கா கைகளை விரித்துப் படுத்திருந்தார். மண் சரிந்தால் முதலில் மூடுவது அந்தக் கானைத்தான்.

என்னோடு வந்த தொண்டன் கிருஷ்ணராஜ் போனை எடுத்தான். "என்னக்கா, மண்ணு வரதுக்கு முந்தியே குழிக்குள்ள போயிட்டீங்க?" என்று அவன் கேட்பதும், பின்னால் அதிகாரிகள் சிரிப்பதும் வீடியோவில் இருக்கிறது. பதினான்கு விநாடி. பொழுது சாய்வதற்குள் அது பெரகல, மொனராகலை வரை போய்விட்டது. "பிள்ளைங்க வாய அடைச்ச பைத்தியம்" என்று யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்கள்.

மறுவாரம் தோட்ட ஆபீசில் நலன்புரி அதிகாரி முன்னால் விசாரணை. முறைப்பாடு செய்தவர் வேலாயி. ஒன்பதில் ஒரு பிள்ளையின் தாய்.

"எம்புள்ள வாயில எதுக்குடி துணிய வச்ச?"

"காதுக்காகக்கா."

"காதுக்கு வாயிலயா வப்பாங்க?"

"வன்னியில எங்க ஸ்கூல்ல அப்படித்தான். சைரன் ஊதினா பங்கருக்குள்ள குப்புறப் படுத்து ஒரு குச்சியக் கடிச்சுக்கணும். வாய் மூடியிருந்தா குண்டுச் சத்தத்துல காது கிழிஞ்சிரும்னு டீச்சர் சொல்லுவாங்க. எல்லாப் புள்ளைங்க கழுத்துலயும் நூல்ல ஒரு குச்சி தொங்கும். அப்ப எனக்குப் பத்து வயசு. என் குச்சி தொலைஞ்சு போச்சு. குண்டு போடுற கிபிர் பிளேன் வந்தன்னிக்கு தம்பி அவனோடத எனக்குக் குடுத்தான். நானும் வாங்கிக் கடிச்சுக்கிட்டேன்."

அவருடைய தம்பி ஜீவனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். பதுளையில் ஒரு கடையில் மூட்டை இறக்குகிறார். இரண்டு காதும் கேட்காது. பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தோம். அவர் முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

வேலாயி அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அந்த முறைப்பாட்டுக் காயிதத்த நான் திருப்பி வாங்கிக்கிறேங்க" என்றார்.

"அது மேல போயிருச்சும்மா" என்றார் நலன்புரி அதிகாரி. தீர்ப்பு ஏற்கெனவே தட்டச்சாகி மேசையில் கிடந்தது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. மனநல வைத்தியரிடம் சான்று வாங்கி வந்தால் யோசிக்கலாம்.

அப்போதுதான், எங்கே ஓட வேண்டும் என்று தனக்கு யார் சொன்னது என்ற அந்தக் கேள்வியை அக்கா கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் நோட்டீஸ் ஒட்டியவருக்கு விசாரணை இல்லை. வெடித்த மலைக்குக் கீழே பிள்ளைக்காம்பராவை வைத்திருப்பவர்களுக்கு விசாரணை இல்லை. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு மேலே விமானம் அனுப்பியவர்களிடம் எவரும் வைத்தியர் சான்று கேட்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றதை மறக்காதவர்தான் பைத்தியமாம்.

பிள்ளைக்காம்பராவின் சாவியை ஒப்படைக்கும் நாளில் அக்கா எனக்கு ஆள் அனுப்பினார்.

"அந்த மைக்கக் கொண்டாந்து ஊது, தங்கச்சி."

"வேணாங்கா."

"ஊதுன்னா ஊது. நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

ஊதினேன். அக்காவின் உடல் ஒருமுறை கீழே குனிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டு குழந்தைகளை இடுப்பில் தூக்கினார். மற்ற ஏழு பேரும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறினார்கள். மூன்று தடவை ஊதச் சொன்னார். மூன்றாவது தடவை நான்கு நிமிடத்தில் கோயிலடியில் நின்றார்கள். பிறகு இறங்கி வந்து சாவியைக் கொடுத்தார்.

இப்போது அவர் கொழுந்தெடுக்கிறார். மலை வெடிப்பு அப்படியே இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளை பார்க்கும் அம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஏழு பிள்ளைகளுக்குத்தான் வழி தெரியும்.

அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். நீங்கள் யாருக்கெல்லாம் அதை அனுப்பினீர்களோ, அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.