எல்லைப் பிரபு மண்டியிட்டாரா? நெய்வேலியில் பார்த்த ஸ்காட்லாந்து நாடகம்

ஸ்காட்லாந்துக்கும் நெய்வேலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். போய்விட்டு வந்த பிறகும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கினால் சரி.

2015-இல் வேலை விஷயமாக இங்கிலாந்து போயிருந்தபோது ஒரு வார இறுதியில் ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைக்குப் போனேன். அங்கே ஒரு பிரபுவின் இடிந்த கோட்டையைப் பார்த்துவிட்டு இந்த வலைப்பூவில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சொற்பப் பேரில் ஒருவர் அந்தோணிதாஸ், நெய்வேலி சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். ஓய்வு நேரத்தில் நாடகம் போடுகிறவர். வழக்கமாக பைபிள் கதைகள்தானாம். இந்த முறை அந்தப் பிரபுவின் வாழ்க்கையையே நாடகமாக்கிவிட்டதாகவும், 2016 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அரங்கேற்றம் என்றும், நான் வந்தே ஆக வேண்டும் என்றும் போன் செய்தார். நான் எழுதியது நாலு பத்தி. அதிலிருந்து இரண்டு மணி நேர நாடகம் எப்படி வந்தது என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

கோயம்பேட்டில் காலை ஆறரைக்குக் கும்பகோணம் பேருந்து. நெய்வேலி ஆர்ச் கேட் வரை டிக்கெட் நூற்றி இருபத்தைந்து ரூபாய், தூரம் சுமார் இருநூறு கிலோமீட்டர். விக்கிரவாண்டி வரை சுகமாகப் போன வண்டி அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் நின்றது. பண்ருட்டியில் பலாப்பழ வாசனை வண்டிக்குள்ளேயே ஏறிவிட்டது. காடாம்புலியூர் தாண்டி இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. பதினொன்றே முக்காலுக்கு இறங்கினேன்.

டவுன்ஷிப்புக்குள் ஆட்டோ நூறு ரூபாய். பிளாக்குகள் எல்லாம் ஒரே மாதிரி, குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரி, சாலைகளும் அப்படியே. ஒரே ரவுண்டானாவை மூன்று முறை சுற்றினோமா, மூன்று ரவுண்டானாக்களை ஒரு முறை சுற்றினோமா என்று தெரியவில்லை.

"வூட்டாண்ட அடையாளம் எதுனா சொன்னாங்களா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"வாசல்ல வேப்பமரம் இருக்கும்னாரு."

"வேப்பமரம் இல்லாத வூடு இங்க எது சார்," என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டார். கடைசியில் அந்தோணிதாஸே சைக்கிளில் வந்து கூட்டிப் போனார்.

நாடகத்துக்குப் போகும் முன் அந்தப் பிரபுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டு. ஒரு பக்கம் ஸ்காட்லாந்து அரசன், மறு பக்கம் இங்கிலாந்து, நடுவில் இவருடைய நிலம். எல்லையில் மாடு திருடுகிறவர்களைப் பிடிக்க அரசன் இவரைத்தான் காவல் அதிகாரி ஆக்கினான். பகலில் திருடர்களைத் தேடிய மனுஷன், இருட்டியதும் தன் ஆட்களோடு குதிரையேறி இங்கிலாந்துப் பக்கம் போய் மாடு ஓட்டி வந்தார். அரசனுக்காக ஒரு போர், அரசனை எதிர்த்து ஒரு கலகம், மறுபடி அரசனுக்காகவே ஒரு போர். கடைசிக் கலகத்தில் தோற்றதும் நிலம் முழுவதும் பறிபோனது. பிரான்சுக்குத் தப்பியோடி, சம்பளத்துக்குச் சண்டை போடும் சிப்பாயாகப் பல வருடம் அலைந்தார். நல்லவரா கெட்டவரா என்று எனக்கு அங்கேயே குழப்பம்தான்.

அவர் முடிவு அதைவிடக் குழப்பம். ஊர் திரும்பி, அரசன் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டு, நிலத்தைத் திரும்ப வாங்கினார் என்றார் கோட்டையைச் சுற்றிக்காட்டியவர். பக்கத்து ஊர் டீக்கடைக்காரம்மாவோ, அவர் யாருக்கும் மண்டியிடவில்லை, வெளிநாட்டிலேயே செத்தார் என்று சத்தியம் செய்தார். நான் இரண்டையும் எழுதி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு பிளாக்கின் சமுதாயக் கூடத்தில் கடைசி ஒத்திகை. சுரங்க ஹெல்மெட்டுக்கு வெள்ளி பெயின்ட் அடித்துப் போர்வீரர்கள் தயாராக இருந்தார்கள். கோட்டை வாசலில் காவல்காரன் குதிரை வீரனிடம் கேட் பாஸ் கேட்டான். மாடு ஓட்டப் போகிறவர்களைப் பிரபு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட் என்று பிரித்து அனுப்பினார். அந்தக் காலத்தில் ஷிஃப்ட் ஏது என்று அந்தோணிதாஸிடம் மெல்லக் கேட்டேன்.

"எல்லாரும் ஒரே நேரத்துல போயிட்டா கோட்டைய யார் சார் பார்த்துக்கிறது?" என்றார்.

கடைசிக் காட்சியில்தான் ஒத்திகை நின்றது. பிரபுவாக நடித்த தனவேல் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பாவின் முந்திரித் தோப்பு சுரங்கத்துக்குப் போய்விட்டது. பணமும் வேறிடத்தில் மனையும் கிடைத்தன. தோப்பு இருந்த இடம் இப்போது பள்ளம். அரசனாக நடித்த சுந்தரேசன் திருநெல்வேலிக்காரர், அதே பகுதியில் தனவேலுக்கு மேலதிகாரி. தனவேல் அவர் முன்னால் மண்டி போட வேண்டும்.

"எங்க ஊருலேர்ந்து வேன் புடிச்சுகினு வராங்க சார்," என்றார் தனவேல் என்னிடம். "எங்கப்பாவும் வராரு. டூட்டியில கைகட்டிகினு நிக்கிறது பத்தாதா, மேடையிலயும் மண்டி போடணுமான்னு சித்தப்பா கேக்குறாரு. நான் என்னான்னு சொல்றது?"

சுந்தரேசன் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. வேணும்னா வேற யாரையாவது ராஜாவாப் போடுங்களேன்."

"உங்க அளவுக்கு டிரெஸ் தச்சாச்சு சார்," என்றார் அந்தோணிதாஸ். "நான் குரலப் பார்த்துதான் ஆள் போட்டேன். வேற ஒண்ணும் யோசிக்கல. மண்டி போடலன்னா நாடகத்துக்கு முடிவே இல்ல."

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கோட்டையை நேரில் போய்ப் பார்த்தவன் நான்தானாம். போடவில்லை என்று சொன்னால் ஒருவருடைய நாடகம் கெடும், போட்டார் என்று சொன்னால் இன்னொருவருடைய மானம் போகும். எது நிஜம் என்று எனக்கே தெரியாது. அதையே சொன்னேன்.

தனவேல் கேட்டார்: "மண்டி போட்டாருன்றாங்களே, அவங்க சொல்றபடி பார்த்தா நெலம் திரும்ப வந்துச்சுங்களா?"

"வந்துதாம்."

"மொத்தமுமா?"

"மொத்தமும்."

"அப்ப போடறேங்க," என்றார். சமாதானமாகிச் சொன்னாரா, சலித்துப்போய்ச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

நெய்வேலி போகிறவர்களுக்குச் சில குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல மனம் வராது. பிளாக் எண், சாலைப் பெயர், வீட்டு எண் மூன்றும் கையில் இல்லாமல் ஆட்டோ ஏறாதீர்கள். சுரங்கத்தைச் சும்மா போய் எட்டிப் பார்க்க முடியாது, முன்னதாகவே அனுமதி வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை, பார்க்கவில்லை. ஜூன் வெயிலில் மதியம் வெளியே சுற்ற வேண்டாம். பலாப்பழம் பண்ருட்டியில் திரும்பும்போது வாங்குங்கள், போகும்போது வாங்கி நான் பட்ட அவஸ்தை போதும்.

நாடகம் ஏழு மணிக்குத் தொடங்கியது. வேனில் வந்த ஊர்க்காரர்கள் இடப்பக்கம் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை ஓரத்தில் தோளில் துண்டோடு இருந்த பெரியவர்தான் தனவேலின் அப்பா என்று அந்தோணிதாஸ் காட்டினார். மாடு ஓட்டும் காட்சிக்கு விசில் பறந்தது. கேட் பாஸ் காட்சிக்குக் கூடமே சிரித்தது. பிரான்சில் பிரபு தன் வாளை மடியில் வைத்துக்கொண்டு ஊரை நினைத்துப் பேசியபோது யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் மட்டும் கடைசி வரை கைதட்டவே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. தனவேல் மண்டியிட்டார். இடப்பக்கத்திலிருந்து யாரோ எழுந்து வெளியே போனார், சித்தப்பாவாக இருக்கலாம். சுந்தரேசன் கணீரென்று சொன்னார்: "உன் நிலம் முழுவதும் இன்று முதல் மறுபடியும் உன்னுடையது."

"நன்றி அரசே" என்று பிரபு எழுந்திருக்க வேண்டும். தனவேல் எழவில்லை. அந்தோணிதாஸ் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. தனவேல் அசையவில்லை. வசனம் மறந்துவிட்டது, அல்லது மனம் மாறிவிட்டது என்று நினைத்தேன். சுந்தரேசன் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு குனிந்து தனவேலின் தோளில் கை வைத்தார். இந்த முறை அரசன் குரல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரல்.

"உன் நிலம் முழுவதும் மறுபடியும் உன்னுடையது."

முதல் வரிசைப் பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தனவேல் நன்றி சொல்லி எழுந்தார். திரை விழுந்தது.

மேடைக்குப் பின்னால் போனபோது தனவேல் வெள்ளி ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வசனம் மறந்துபோச்சா என்று கேட்டேன்.

"மறக்கலீங்க," என்றார். "அவரு அத இன்னொரு வாட்டி சொல்லிக் கேக்கணும் போல இருந்துச்சு."