மாலை போட்டவன் வீட்டுக் கரப்பான்கள்

போன கார்த்திகையில் நான் ஐயப்பனுக்கு மாலை போட்டது என் மகளுக்காக. அவள் ஐந்தாவது படிக்கிறாள். பனி இறங்கினால் அவளுக்கு வீசிங் வந்துவிடும். எங்கள் ஜவ்வாது மலையில் பனி சீக்கிரமே இறங்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம் கேட்கும். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கும். பெற்றவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. 'இவளுக்கு மூச்சைச் சீராகக் கொடு, உன் மலைக்கு வருகிறேன்' என்று சாமியிடம் சொல்லித்தான் கழுத்தில் மணியைப் போட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே அவளை மலை இறக்கி வேலூருக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வாயில் வைத்து இழுக்கிற மருந்து எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்ல கரப்பான்பூச்சி இருக்கா?"

"இல்லாத வூடு ஏதும்மா?" என்றேன்.

"அதோட கழிவும், உதிர்ற தோலும் தூசியாகி மூச்சுல போகுது. மருந்து நான் குடுக்கறேன். கரப்பானை நீங்கதான் ஒழிக்கணும். ஸ்ப்ரே அடிக்காதீங்க, அந்த வாசனையும் பாப்பாவுக்கு ஆகாது. பேஸ்ட் மாதிரி ஒண்ணு விக்குது, அதை வாங்கி வைங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பேஸ்டையும் வாங்கிப் பையில் போட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாலை போட்டவன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. எறும்பைப் பார்த்தால்கூட ஒதுங்கித்தான் நடக்கிறோம். இவள் மூச்சுக்காகப் போட்ட மாலை கொல்லாதே என்கிறது. இவள் மூச்சுக்காகக் கொல் என்கிறார் டாக்டர். இதில் நான் எந்தப் பக்கம் போக?

கொல்லாமல் வெளியே அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்ததும் பாத்ரூம் ஜலதாரையிலிருந்து பெரிய கரப்பான்கள் வரும். சிவந்த நிறம், நீள மீசை, சமயத்தில் முகத்துக்கு நேராகப் பறக்கவும் செய்யும். பிளாஸ்டிக் மக்கைக் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் செருகி, கொல்லைக்கு அந்தப் பக்கம் புளியமரம் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன்.

மாலை போட்டவனை வீட்டிலும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். என் மனைவி அதை வைத்தே குத்துவாள்.

"இன்னா சாமி, பஸ்ஸு ஏத்தி வுட்டுட்டு வந்தீங்களா?"

"சும்மா இரு."

"விரதத்துல எல்லாருமே சாமிதானே? அந்தக் கரப்பான் சாமிக்கு ரெண்டு இட்லி கட்டிக் குடுங்க, வழியில பசிக்கப் போவுது."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் இழுப்பானது. மனைவியின் முகம் அப்படியே சுண்டிப்போயிற்று.

அந்தப் புளியமரத்தடிச் சருகிலும் கரப்பான் உண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி, பார்க்க அழகாக இருக்கும். மழைக் காலத்தில் தெரியும். சருகைத் தின்றுகொண்டு தன் பாட்டுக்குக் கிடக்கும், வீட்டு வாசலை மிதிக்காது. அதுவும் கரப்பான்தான் என்று என் மளிகைக்கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

எவ்வளவு பிடித்துக்கொண்டு போய் விட்டாலும் அவளுக்கு இழுப்பு நிற்கவில்லை. ஒருநாள் காலையில் மிக்ஸி சுற்றவில்லை என்று மனைவி அதை மேடைமேல் கவிழ்த்துத் தட்டினாள். அடியிலிருந்து சின்னச் சின்னக் கரப்பான்கள் கொட்டின. வெளிர் பழுப்பு, விரல் நகம் அளவு, கழுத்தில் மையால் இழுத்தது போல இரண்டு கோடு. ஒன்று பின்னால் முட்டைப் பையைச் சுமந்துகொண்டே ஓடியது. ஃபிரிட்ஜை நகர்த்தினேன். பின்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாகக் கறுப்பு எச்சம். பெரியது வந்து போகிற விருந்தாளி. சின்னது உள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. நான் இத்தனை நாளும் விருந்தாளியைத்தான் வழியனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்று தேட வெகுநேரம் ஆகவில்லை. வீட்டின் முன்பக்கம்தான் கடை. கண்ணமங்கலத்திலிருந்து வருகிற பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை அடுப்படிச் சுவர் ஓரம் அடுக்கியிருந்தேன். ஒரு பெட்டியின் மடிப்பைப் பிரித்தேன். அதற்குள்ளும் அதே கூட்டம்.

இதை மக்கில் பிடித்து முடியாது. மனைவி கேலியெல்லாம் விட்டுவிட்டாள்.

"நான் மாலை போடல. அந்தப் பேஸ்ட்டு மருந்த நான் வெக்கறேன். நீங்க கடையில போய்க் குந்துங்க சாமி. நீங்க பாக்கவும் வாணாம், பாவம் ஒங்களுக்கு ஒட்டவும் வாணாம்."

"அப்ப ஒனக்கு ஒட்டுமே."

"எனக்கு ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுது. அவ மூச்சு வுடட்டும்."

அதற்கு மேல் என்னால் யோசித்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், சாஸ்திரம் தெரியாது. ஆனால் அவன் கதை தெரியும். தாய்க்குத் தலைவலி என்றதும் புலிப்பாலுக்குக் காட்டுக்குப் போன பிள்ளை அவன். நோய்க்கு மருந்து தேடுகிறவன் மனசு அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"சாமி, மருந்த வெக்கப்போறது நான்தான், அவ இல்ல. பாவம்னு ஒண்ணு இருந்தா அது என்னுது" என்று வாய்விட்டே சொன்னேன்.

மாலையைக் கழற்றிவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொள் என்றார் என்னோடு மாலை போட்ட ஒருவர். சாமி கண்ணில் துணியைக் கட்டிவிட்டுச் செய்கிற காரியம் போல அது எனக்குப் பட்டது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கழுத்தில் மாலையோடுதான் மருந்து வைத்தேன். ஃபிரிட்ஜ் பின்னால், கதவு இடுக்கில், மிக்ஸி அடியில், அலமாரி மூலையில், கடுகளவு கடுகளவாக. அட்டைப்பெட்டிகளை வாசலிலேயே பிரித்து, சரக்கை மட்டும் டப்பாவில் கொட்டி உள்ளே எடுத்து வந்தேன். செத்துக் கிடந்தவற்றைத் துடைப்பத்தால் பெருக்கவில்லை, தூசி கிளம்பும். மனைவி ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். "பாவத்துல பாதி எனக்கும் குடுங்க சாமி, தொடைக்கறது நான்தானே" என்றாள். ஜலதாரைக்கு வலை அடித்தேன். பெரியவை அந்தப் பக்கமே இருந்துகொள்ளட்டும். தேவைக்கு மேல் ஒன்றையும் நான் கொல்லவில்லை.

மார்கழிப் பனி வழக்கம்போலவே கொட்டியது. மறுபடி வேலூருக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை. நோய் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வாயில் வைத்து இழுக்கிற மருந்து இன்னும் அவள் பள்ளிக்கூடப் பையில்தான் இருக்கிறது.

இருமுடி கட்டுகிற அன்று கோயிலில் நல்ல கூட்டம். சரணம் சொல்ல ஆரம்பித்தவள் என் மகள். அவள் ஒன்று சொல்ல, பெரியவர்கள் எல்லாரும் பதில் சொன்னோம். சொல்லிச் சொல்லி எங்கள் தொண்டைதான் கட்டியது. அவள் நிறுத்துகிறதாக இல்லை.

"போதும்டி, சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு அடுத்த சரணத்தை ஆரம்பித்தாள்.

நான் இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டேன்.