கம்பளி போர்த்திய வாளி

மதினி போன வாரம் கினிகத்தேனையிலிருந்து போன் செய்தார். மகள் வீட்டுக்குப் போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. புதிதாக ஒரு வாளி வாங்கி இஞ்சி பியர் போட்டிருக்கிறாராம். "இங்க நம்ம பக்கம் மாதிரி குளிரு இல்ல புள்ள. வாளிக்குக் கம்பளி போத்துற வேலையே இல்ல. வச்ச மறுநாளே கொடகொடன்னு பேச ஆரம்பிச்சிருச்சு" என்றார். போனை வைத்த பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மழை நாளில் கொழுந்தெடுக்கப் போகிற பெண்ணைப் போல, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்த அந்த முதல் வாளி கண் முன்னே வந்துவிட்டது.

மதினி என் அண்ணன் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தவர். அந்த வீட்டில் யேசு பிறந்த நாளான நத்தார் வந்தால் இஞ்சியும் சீனியும் ஈஸ்ட்டும் போட்டு இஞ்சி பியர் செய்வார்கள். அதைப் பார்த்துப் பழகிய கை அவருடையது. ஆனாலும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்த பிறகு அவர் அதைச் செய்து பார்த்ததில்லை. மகள் வயசுக்கு வந்து, சடங்கு வைக்க நாள் பார்த்த அன்றுதான் திடீரென்று சொன்னார்: "நம்ம வீட்டு விசேஷத்துல சாராயம் கெடையாது. வர்றவங்களுக்கு இஞ்சி பியர் குடுக்கிறேன்."

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அதற்கு முன் சொந்தத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஆண்கள் குடித்துவிட்டுக் கட்டிப் புரண்டதில் பந்தல் சரிந்து, சாம்பார் வாளி கவிழ்ந்து, பிள்ளைகள் வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டு வந்தார்கள். ஆனாலும் மதினி சொன்னதைக் கேட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "இஞ்சித் தண்ணியக் குடிக்க ஹட்டன்லேர்ந்து பஸ் ஏறி வருவானுங்களா? சரி, செய். சரி வரலன்னா நான் வழக்கமா வாங்குறத வாங்குவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது." மதினி சரி என்று தலையாட்டிவிட்டார். அந்தப் பேச்சு அன்று மாலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

சாமான் வாங்க ஹட்டனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்குள் போனால் விலை கேட்கக்கூட எனக்கு வாய் வராது, பின்னால் நின்றேன். பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒவ்வொரு வாளியாக எடுத்துக் கொடுக்க, மதினி மூடியைத் திறந்து மோந்து மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பெயின்ட் இருந்த வாளி எவ்வளவு கழுவினாலும் வாசம் விடாது, அலுமினியச் சட்டியில் ஊற விட்டால் புளிப்பு சட்டியைத் தின்றுவிடும் என்பது அவர் கணக்கு. "தங்கச்சி, வாளி வாங்க வந்தீங்களா, அத்தர் வாங்க வந்தீங்களா?" என்று நானா கேட்டார். கடைசியில், சாப்பாட்டுச் சாமான் வைக்கிற, இறுக்கமான மூடியுள்ள வெள்ளை வாளி ஒன்று மதினிக்குப் பிடித்தது. அடுத்து மீன் தொட்டிக்குப் போடுகிற மெல்லிய குழாய் கேட்டார். மூடியில் ஓட்டை போட்டு, குழாயின் ஒரு முனையை அதில் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலில் விட வேண்டும். உள்ளே இருக்கிற காற்று குமிழி குமிழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது.

நானா எங்கள் பையைப் பார்த்துவிட்டுக் குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டார். "சீனி வாங்கியாச்சு, ஈஸ்ட் வாங்கியாச்சு, இப்ப குழாய். ஏன் தங்கச்சி, பொலிசு வந்தா என்னையும் சேத்துல்லவா ஏத்தும்?"

"ஐயோ நானா, கசிப்புச் சாராயம் காய்ச்ச இல்ல. இஞ்சி பியர். புள்ளைக்குச் சடங்கு."

"பியருங்கிறீங்களே."

"பேருதான் அது. குடிச்சிட்டு நேரா நடந்து வீட்டுக்குப் போகலாம்."

நானா சிரித்துக்கொண்டே குழாயை வெட்டிக் கொடுத்தார். கண்ணாடிப் போத்தல் அழகாக இருக்கும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். மதினி கேட்கவில்லை. கொழும்பு வீட்டில் கண்ணாடிப் போத்தல் வெடித்துச் சுவரெல்லாம் இஞ்சி வழிந்ததைப் பார்த்தவர் அவர். பிளாஸ்டிக் சோடாப் போத்தல் என்றால் விரலால் அமுக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கல் மாதிரி இறுகிவிட்டால் ஆயிற்று.

எல்லாம் சரியாகத்தான் செய்தோம். இஞ்சியை இடித்துக் கொதிக்க வைத்து, சீனி கரைத்து, ஆற விட்டு, தேசிக்காய் பிழிந்து, ஈஸ்ட் போட்டு மூடி, வாளியை அடுப்போரம் வைத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மதினி தன் கம்பளியைப் போர்த்திவிட்டுப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. அண்ணன் வேலை முடிந்து வந்து வாளிக்கு முன்னால் குனிந்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று நலம் விசாரித்தான். மதினியும் சிரித்தார். ஆனால் அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தவறு எங்கே என்று எனக்குத்தான் முதலில் பட்டது. விடியற்காலையில் ரொட்டி சுட்டுவிட்டு எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓடுகிறோம். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை லயத்தில் எந்த அடுப்பும் எரிவதில்லை. கொழும்பில் ஊர் முழுக்கச் சூடு. எங்கள் அடுப்போரமோ பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். தோட்டத்தில் பகலெல்லாம் தணல் இருக்கிற ஒரே இடம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற, நான் ஆயம்மாவாக இருந்த பிள்ளைக் காம்பராதான். பால் காய்ச்சவும் ஈரத் துணி உலர்த்தவும் அங்கே அடுப்பு அணைவதே இல்லை.

யாரிடமும் கேட்காமல் வாளியைக் கம்பளியோடு தூக்கி அங்கே வைத்தோம். அன்று மத்தியானமே குழாய் பேசத் தொடங்கிவிட்டது. தூங்க வைத்த பிள்ளைகள் எழுந்து வந்து வாளியில் காதை வைத்துக்கொண்டார்கள். "ஆயம்மா, உள்ள யாரோ இருக்காங்க!" என்றது ஒரு வாண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதையே தாயிடமும் சொல்லியிருக்கிறது.

மறுநாள் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வாசலில் வந்து நின்றார். "குழாய் போட்டு என்னமோ காய்ச்சுறீங்களாம். இது புள்ளைங்க இருக்கிற எடம். தூக்கிக் கொட்டும்மா."

மதினி மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். தலைவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவள் நான். ஆனாலும் வாளிக்கு முன்னால் போய் நின்றேன். "இது இஞ்சி பியருங்க" என்றேன். "இதக் கொட்டினா சடங்கு வீட்டுக்குச் சாராயம் வந்துருங்க. ஒங்க வீட்டு ஆளுங்களும் குடிச்சிட்டு விழக் கூடாதுன்னுதான் மதினி இப்புடிப் பாடுபடுறாங்க. நீங்களே குடிச்சுப் பாருங்க." அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை.

அவர் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். "தொண்டை எரியுதே!"

"அது இஞ்சிங்க."

பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தார். எழுந்து வாசல்வரை நேராக நடந்து பார்த்தார். "ஒண்ணும் ஏறலியே" என்றார். அதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. "சரி, இன்னைக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார்.

வடிகட்டிப் போத்தலில் அடைத்து, இறுகியதும் மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் போட்டுக் குளிர வைத்தோம். சடங்கன்று ஆண்கள் முதலில் கிளாஸைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று சத்தம் வந்ததே, அதில் பாதிப் பேர் மயங்கிவிட்டார்கள். தலைவர் பழகினவர் போல மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். பந்தல் நின்றது. சாம்பார் கடைசிப் பந்திவரை வந்தது. அண்ணன் காலிப் போத்தல்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, காம்பரா வாசலில் நின்று பெரட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசேஷத்துக்கு மறுநாள் ஆண்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்பது வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கு ஐயாவுக்குப் பழக்கம். அன்று வரிசையைப் பார்த்துவிட்டு அவர் திகைத்துப் போனார். "என்னய்யா, நேத்துச் சடங்கு நடக்கலையா?"

"ஜோரா நடந்துச்சுங்க" என்றார் தலைவர். "ஒரே ஒரு ஆளுதான் இன்னைக்கு வரல."

"யாரு?"

"புள்ளையோட அம்மாங்க. எழுந்திரிக்க முடியலையாம்."

கண்டாக்கு ஐயா அண்ணனைப் பார்த்தார். "ஏன்டா, நீ இங்க நிக்கிற, அது மட்டும் குடிச்சிட்டுப் படுத்திருச்சா?"

பெரட்டுக் களமே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அண்ணன்தான். "தூங்கட்டுங்க ஐயா" என்றான். "பாவம், எங்க எல்லாருக்கும் சேத்து அவ ஒருத்திதான் களைச்சிருக்கா."