படிக்கட்டில் ஒரு மரமஞ்சள்

மயூர் விஹாரில் எங்களுக்குக் கீழ்த்தளத்தில், கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஓர் அம்மாள் கொஞ்ச காலம் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, எந்தப் பூவையும் மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்ப்பார். சிம்லாவிலிருந்து கொண்டுவந்த மரமஞ்சள் செடியைத் தொட்டியோடு படிக்கட்டில் வைத்திருந்தார். கணுவுக்கு மூன்று முள். எனக்கு இரண்டு வேட்டி கிழிந்த பிறகு, செடியை எடுக்கச் சொல்லப் போனேன்.

"வெயில் இங்கேதான் சார் வருது. உள்ளே வெச்சா செத்துடும்."

"அச்சா, அப்போ முள்ளையாவது நறுக்குங்க."

"அந்த முள்ளும் இலைதான் சார். காவல் வேலைக்குப் போயிடுச்சு."

நான் நம்பாமல் குனிந்தேன். கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ. ஒன்றில் மகரந்தத்தாள்களை எண்ணினேன், ஆறு. சரிபார்க்க மறுபடி எண்ணும்போது விரல் நுனி பட்டு, ஒரு தாள் சட்டென்று உள்பக்கம் மடங்கியது. பதறிக் கையை இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார். உங்களைத் தேனீன்னு நினைச்சு மகரந்தம் பூசப் பாக்குது."

அதற்குமேல் செடியை நகர்த்தச் சொல்ல வாய் வரவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியேறப் பழகினேன். மறுவருஷம் அவர் மாற்றலாகிச் செடியோடு போய்விட்டார். எழுபத்தாறு வயதுக்காரனைத் தேனீ என்று நினைத்தது அந்தப் பூவா, அவரா என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.