புதன்கிழமையைத் தர மறுத்தவள்

என் மனைவியிடம் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாள். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலோடு சொல்கிறேன். வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்கவைக்க முடியும் என்ற நிலை வந்தபோது, தன்னைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கிய அண்ணனுக்கு வழிவிட்டாள். அலுவலகத்தில் ஜன்னலோர மேஜை இவள் முறைக்கு வந்தது. பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குத் தலைவலி என்று அதையும் தூக்கிக் கொடுத்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், யாராவது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டால் போதும், எழுந்துவிடுவாள். பெருமூச்சு விட்டது சில சமயம் நானாகவே இருக்கும், அது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை "தரமாட்டேன்" என்றாள். கேட்கப்பட்டது நகையோ நிலமோ இல்லை. ஒரு புதன்கிழமை.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஏசி மெக்கானிக். ஊரில் உள்ள அறையையெல்லாம் குளிரவைக்கிற அப்பாவுக்குத் தன் மண்டையைக் குளிரவைக்கத் தெரியவில்லை என்று மகள் கிண்டல் செய்வாள். அவளுக்கென்ன, கல்லூரியில் படிக்கிறாள், பேசுவாள். மனைவிக்குத் தண்ணீர் வாரியத்தில் வேலை. புகார்ப் பிரிவு. நீளமான ஒரு அறை, மார்பு உயரத்துக்குத் தடுப்புகள், தடுப்புக்கு ஒருத்தி, ஒவ்வொருத்தி தலையிலும் ஹெட்போன். காத்திருக்கும் அழைப்புகள் எத்தனை என்று சுவரில் ஒரு திரை சிவப்பு எழுத்தில் காட்டிக்கொண்டே இருக்கும். எந்தத் தெருக் குழாயில் காற்று வந்தாலும் திட்டு இவள் காதில்தான் விழும். ஏதோ இவளே போய்க் குழாயைத் திருகி மூடிவிட்டு வந்தது மாதிரி.

"குளிக்காம வேலைக்குப் போறேன்மா, இப்ப உனக்கு சந்தோஷமா?" என்று ஒருவர் கத்துவார். இவள் குரல் கொஞ்சமும் ஏறாது. "சொல்லுங்க சார், எந்தத் தெரு?" என்பாள். நானாக இருந்தால் அந்தத் தெருவுக்கே தண்ணீரை நிறுத்தியிருப்பேன்.

இப்படி வாரம் பூராவும் அடுத்தவர் பேச்சைக் கேட்கிறவள், தான் பேசுவதற்கு என்று வைத்திருந்த இடம்தான் 'கிழமைக்கு ஒருத்தர்'. அது ஒரு கூட்டு வலைப்பூ. ஏழு பேர், ஏழு கிழமை, தன் கிழமையில் தான் மட்டும் எழுதவேண்டும். யாருடைய பெயரும் யாருக்கும் தெரியாது. கிழமைதான் பெயர். திங்கள் என்பவர் லாரி ஓட்டுபவர். செவ்வாய் எங்கோ தூர தேசத்தில் நர்ஸ். ஆரம்பித்து வைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், புத்தகமெல்லாம் போட்டவர். பெரிய மனிதர் என்பதால் மற்ற ஆறு பேருக்கும் நல்ல நாட்களை விட்டுவிட்டு, யாரும் சீண்டாத சனியைத் தான் எடுத்துக்கொண்டாராம். எல்லோரும் அவரை 'சனி சார்' என்பார்கள். நான் வீட்டில் 'சார்' சேர்ப்பதில்லை.

இவள் முதலில் வெறும் வாசகிதான். பின்னூட்டம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய புதன் வேலை அதிகம் என்று விலகிக்கொண்டபோது, இவளுடைய பின்னூட்டங்களை விடாமல் படித்துவந்த அந்த நர்ஸ்தான், "இந்தம்மாவைக் கேளுங்கள்" என்று சிபாரிசு செய்தார். இவளுக்கு வார விடுமுறையும் புதன்கிழமைதான். சலவை மிஷினில் துணியைப் போட்டு, அதன் மேலேயே கைப்பேசியை வைத்துக்கொண்டு, நின்ற வாக்கில் ஒற்றை விரலால் எழுதுவாள். மிஷின் நிற்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட கணக்கு.

அவள் எழுதிய முதல் பதிவை நான் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் ஏணிமேல் நின்றபடி படித்தேன். வாராவாரம் போன் செய்து திட்டுவதற்கென்றே இருக்கும் ஒரு மனிதரைப் பற்றியது. ஒரு வாரம் அவர் கூப்பிடவில்லை. அவருக்கு என்ன ஆயிற்றோ என்று இவள் நாள் முழுக்க ஒவ்வொரு அழைப்பிலும் அவர் குரலைத் தேடியிருக்கிறாள். ஏணியிலிருந்து இறங்கவே எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்லையே?" என்றேன்.

"நீங்க அதுக்குள்ள, அந்த ஆளோட நம்பர் குடு, நான் பேசிக்கிறேன்னு கிளம்பிடுவீங்க" என்றாள். அதுவும் சரிதான்.

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஏசிக்கு கேஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் எங்கே ஓடிவிட முடியும்? "என் வீட்டுக்காரி எழுதினது சார், ரெண்டே நிமிஷம்" என்று கைப்பேசியை நீட்டிவிடுவேன். ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். சனிக்கிழமை அங்கே கூட்டம் அலைமோதும். புதன்கிழமை வருகிறவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அதில் நானும் மகளும் இரண்டு இருக்கை.

போன வருடக் கடைசியில், அந்தத் தளத்தை நடத்திய கம்பெனி கடையை மூடுவதாக அறிவித்தது. இன்ன தேதி மாலை ஆறு மணியோடு எல்லாம் நின்றுவிடும், வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு அறிவிப்பு. வேறு இடத்துக்குக் குடிபோகலாமா என்று ஏழு பேரும் மின்னஞ்சலில் பேசிப் பார்த்தார்கள். லாரிக்காரருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வெள்ளிக்குக் கைக்குழந்தை. நன்றாக இருக்கும்போதே கௌரவமாக முடித்துக்கொள்வோம் என்று தீர்மானித்தார்கள்.

மகள்தான் தேதியைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அப்பா! கடைசி நாள் புதன்கிழமை வருது!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மொத்தக் கூட்டமும் வந்து நிற்கும் நாளில் என் பெண்டாட்டி எழுதப்போகிறாள்! அந்தச் சந்தோஷம் மூன்றாம் நாள் வரைக்கும்தான். பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையான கடிதம், குறை சொல்ல முடியாது. 'ஆரம்பித்தவன் என்ற முறையில் அந்தக் கடைசி நாளை எனக்குத் தர இயலுமா? அதற்கு முந்தைய சனிக்கிழமையைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.'

"பிடிச்சிடுச்சு பாரு, சனி!" என்று குதித்தேன். "தரமுடியாதுன்னு இப்பவே எழுது. எழுது சொல்றேன்."

"அவர்தானே ஆரம்பிச்சாரு" என்றாள் மெதுவாக.

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். இந்தக் குரல் எனக்குத் தெரியும். ஜன்னலோர மேஜையைக் கொடுத்த குரல். இரண்டு நாள் நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் அவர்மேலா இவள்மேலா என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசல் கதவருகே நின்றபடியே எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினாள். "வணக்கம் சார். மன்னிக்கவும். புதன்கிழமை என்னுடையது. தரமாட்டேன். நீங்கள் அவசியம் வந்து படிக்கவேண்டும். இப்படிக்கு, புதன்." "அனுப்பிட்டேன்" என்றாள்.

மகள் விசிலடித்தாள். நான், "எப்படிம்மா மனசு வந்துது?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் நான் விட்டுக்குடுத்ததெல்லாம் யாரோ எனக்குக் குடுத்ததுங்க. வந்துது, போச்சு. இது அப்படி இல்ல. வாராவாரம் எழுதி எழுதி நானே சம்பாதிச்ச நாள். இதைக் குடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு, சொல்லுங்க?"

பேராசிரியரிடமிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: 'சரி.' சரியாம்! என்னமோ இவர் அனுமதி கொடுத்த மாதிரி.

அந்தப் புதன்கிழமை நான் எல்லா வேலையையும் தள்ளிப்போட்டுவிட்டேன். மகளும் கல்லூரிக்கு மட்டம். "அந்த ஆள் மூக்கு உடையற மாதிரி எழுது" என்று காலையிலிருந்து நான் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. மிஷினில் துணியைப் போட்டாள், எழுத ஆரம்பித்தாள். மிஷின் சுற்றி முடித்து நின்றது. அவள் நிறுத்தவில்லை. ஈரத்துணி அப்படியே கிடந்தது. நான்தான் எடுத்து உலர்த்தினேன். என் சட்டையை நான் எப்படிப் பிழிந்து போட்டேன் என்பதை மகள் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

மத்தியானம் பதிவு வெளியானது. ரொம்பச் சின்னப் பதிவு. 'எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் அன்று முதலில் ஒன்று சொல்லித்தருவார்கள். கூப்பிட்டவர் எவ்வளவு திட்டினாலும் சரி, அவர் போனை வைக்கும்வரை நாம் வைக்கக் கூடாது. அவர் பேசி முடிக்கவேண்டும், அவர்தான் வைக்கவேண்டும். நான் வேலை செய்த இத்தனை வருடங்களில் ஒருவர் பேச்சைக்கூட நடுவில் வெட்டியதில்லை. இன்று மாலை ஆறு மணி வரை இங்கேயும் அப்படித்தான். பிரியாவிடை எழுத எனக்கு வராது. கேட்க வரும். நீங்கள் பேசுங்கள், பேசிவிட்டு நீங்கள் வையுங்கள். நான் இருக்கிறேன்.'

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வேனில் ஏற்றலாம் என்றேனே, எத்தனை பஸ்ஸும் போதாது! வருடக்கணக்காக ஒரு வார்த்தை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் வந்தார்கள். இவள் ஒருவரையும் விடாமல் பதில் எழுதினாள். லாரிக்காரர், 'வண்டியை ஓரம் கட்டிவிட்டு எழுதுகிறேன். திங்கள் வைக்கிறேன், தங்கச்சி' என்றார். நர்ஸ், 'வைக்க மனசே இல்லை, ஆனால் வார்டில் கூப்பிடுகிறார்கள்' என்றார். ஒருவர் எழுதினார்: 'நீங்கள் பதிவு செய்யும் புகாரின் பேரில் குழாயைச் சரிசெய்யக் குழி தோண்டுகிறவன் நான். உங்களை நேரில் பார்த்ததில்லை. குழிக்குள் இறங்குமுன் புதன்கிழமைப் பதிவை எங்கள் ஆட்களுக்குச் சத்தமாகப் படிப்பேன்.' அதைப் பார்த்து இவள் அழுதாள். நானும்தான். எனக்கு அழுகை வராது என்று யார் சொன்னது?

சாயங்காலம் ஆக ஆக ஒவ்வொருவராக வைத்துவிட்டுப் போனார்கள். ஆறு மணி நெருங்கும்போது ஒருவர் மட்டும் மிச்சம். பேராசிரியர்.

'நல்ல பதிவு, புதன்' என்றார். நன்றி சொன்னாள். 'அங்கே மழையா?' என்றார். இல்லை என்றாள். 'உங்கள் மகள் எந்த வருடம் படிக்கிறாள்?' என்றார். சொன்னாள். இப்படியே சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் ஒன்று மாற்றி ஒன்று.

"என்னடா இது, வைக்கவே மாட்டாரா இந்த மனுஷன்?" என்றேன்.

"சும்மா இருங்க" என்றாள். அவள் முகம் புகார்ப் பிரிவு முகமாகிவிட்டது. எதிர்முனையில் இருப்பவர் கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல.

அப்புறம் அது வந்தது. 'புதன், இந்த நாளை உங்களிடம் கேட்டபோது எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசி ஆளாக எழுதினால் எல்லோரும் ஆறு மணி வரை என்னோடு பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மனைவி போனபிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. ஆறு மணிக்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.'

நான் அவரைத் திட்டிய திட்டுக்கெல்லாம் என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். இவள் மளமளவென்று பதில் எழுதினாள். அனுப்பினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பக்கம் வெள்ளையாகிவிட்டது. மணி ஆறு.

"போகலை" என்றாள். "ஏங்க, பதில் போகலைங்க. அவர் வைக்கவே இல்லை. லைன் கட்டாயிடுச்சு."

"விடும்மா, நீ என்ன பண்ணுவே? கம்பெனிக்காரன் மூடிட்டான்."

"லைன் கட்டானா நாமதான் திரும்பக் கூப்பிடணும்" என்றாள், எனக்கு வேலை சொல்லிக்கொடுப்பது போல.

பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு அடியில் அவர் எண் இருந்தது. மகள் அதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் அந்த ஏழு பேரில் யாரும் யார் குரலையும் கேட்டதில்லை. இவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அலுவலகத்தில் இப்படித்தான் உட்காருவாள் போலிருக்கிறது. நான் அன்றுதான் பார்த்தேன். ஊர்க் கோபத்தையெல்லாம் காதில் வாங்கி, ஒருவரைக்கூடப் பாதிப் பேச்சில் விடாத பெண் இவள். இவளுக்குப் புருஷன் நான் என்று தெருவில் இறங்கிக் கத்தவேண்டும் போல இருந்தது.

எதிர்முனையில் எடுத்தார்கள். தயங்கித் தயங்கி ஒரு வயதான குரல், "யாரு?" என்றது.

"வணக்கம் சார், புதன் பேசறேன். நடுவுல கட்டாயிடுச்சு. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."