திருகையின் மேல்கல்

யூடியூபில் நாங்கள் போட்ட நாடகத்தைப் பார்த்து நிறையப் பேர் சிரித்தார்கள். இன்னும் சிரிக்கிறார்கள். 'கடைசிப் பாகம் எப்போது?' என்று கீழே கேட்கிறார்கள். கடைசிப் பாகம் கிடையாது. காரணத்தை அங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

கதை எழுதியது நான். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் பில் போடும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மூன்று நண்பர்களும் செல்போனில் படம் பிடிப்போம். ஓர் ஊரில் ஒரு கல் பால் குடிக்கிறது. ஒருத்தன் அங்கே கடை போடுகிறான். அவன் பெண்டாட்டி உண்டியல் வைக்கிறாள். பால்காரன் பாலில் தண்ணீரைக் கலந்து அம்மனுக்குச் சளி பிடிக்க வைக்கிறான். இதுதான் நாடகம். கடை போடுகிறவன் என் சித்தப்பா. பெயரை மட்டும்தான் மாற்றினேன். காதில் பீடி சொருகுவது, பேசும்போது வேட்டியை உதறுவது எல்லாம் அப்படியே அவர்.

கல்லும் நிஜம். எங்கள் ஊர் புதூர்ப் பக்கம், மழையை நம்பிய கரிசல் காடு. அப்பா செத்த பிறகு பாகம் பிரித்ததில் கிழக்குக் கடைசி நிலம் சித்தப்பாவுக்குப் போனது. போன கோடையில் அங்கே உழுத டிராக்டரின் கொழு ஒரு கல்லில் இடித்தது. கரிசலில் இதெல்லாம் அதிசயமே இல்லை. வெயிலில் வெடிக்கும், மழையில் ஊதும், உள்ளே கிடக்கிற கல்லை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். இது வட்டக் கல். நடுவில் ஓட்டை. அந்த வழியாக ஆடு ஓட்டி வந்த ஒருவர், சாமிக்கு என்று கொஞ்சம் ஆட்டுப்பாலை அதன்மேல் ஊற்றியிருக்கிறார். பால் ஓட்டை வழியாகப் போய்விட்டது. இன்னும் ஊற்றினார். அதுவும் போனது. யாரோ வாட்ஸப்பில் போட்டார்கள். அம்மன் வந்திருக்கிறாள் என்று ஒரே வாரத்தில் விளாத்திகுளத்திலிருந்து வேன் வந்தது. சித்தப்பா தகரக் கொட்டகை போட்டு, பாலைச் சின்னச் சின்ன பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தார்.

ஒரு கிழவி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏ, இது உளுந்து ஒடைக்கித திருகைக் கல்லுல்லா!"

சித்தப்பா அசரவில்லை. "ஆமா, திருகையாத்தான் வந்திருக்கா. பின்ன கிரைண்டராவா வருவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்துக்கு முன்னால், கல்லுக்கு ரெண்டடி தள்ளி இருந்த வெடிப்பில் ரெண்டு லிட்டர் தண்ணீரைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை.

"பாத்தீங்களா? இங்கனயும்தான் குடிக்கு."

"ஏட்டி கோட்டிப்புள்ள," என்றாள் பக்கத்துத் தெரு அக்கா. "வாயி அங்கன இருக்கு, வயிறு இங்கன இருக்கு. இது தெரியலியா ஒனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அந்த அக்கா சொன்னதையும் முதல் பாகத்தில் சேர்த்தேன்.

அம்மாவும் அங்கே போனாள். தினமும் காலையில் ஒரு டம்ளர் பாலை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போவாள். கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூடத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருகிறவள் அவள். அதனால் எனக்கு இன்னும் கோபம்.

"அவரு ஊரையே ஏமாத்துதாரு. நீயும் போயி ஊத்துதியே, வெக்கமா இல்லியா?"

"ஒரு டம்ளர் பாலுதானட்டி. விடு."

விடவில்லை. மூன்றாம் பாகத்தில் அவளையே வைத்தேன். டம்ளரோடு வருகிற, புத்தி பேதலித்த ஒரு கோட்டிக்காரி. என் தோழி அம்மாவின் நடையை அப்படியே நடித்தாள், இடது காலைக் கொஞ்சம் இழுத்து, பால் சிந்தாமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு. அதை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நான் இப்படியா நடக்கேன்? இன்னொரு மட்டம் போடு," என்றாள். போட்டேன். மறுபடி சிரித்தாள்.

ஐந்தாம் பாகத்தில் மழை வருகிறது. வெடிப்பு மூடிக்கொள்கிறது, பால் இறங்கவில்லை. கடைக்காரன் பக்கவாட்டில் தோண்டிக் கல்லுக்கு அடியில் குழாய் பதிக்கிறான். அதைப் போட்ட மறுநாள் ஆறாவதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாளைக்கு விடியும்போது நிஜக் கல்லையே கடப்பாரையால் நெம்பிப் புரட்டப் போகிறோம், கீழே வெறும் வெடிப்புதான் என்று காட்டப் போகிறோம் என்றேன்.

அவள் கை நின்றது.

"கல்லைத் தொடாதட்டி."

"ஏன், அம்மன் கண்ணைக் குத்திருவாளோ?"

"அது அம்மன் இல்ல. ஒங்க அக்கா."

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு நாள் இருந்திருக்கிறது. மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். பெற்றவள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாய் தோண்டாமல் இருக்க மேலே பாரம் வைக்க வேண்டும். கரிசலில் அவ்வளவு கனமான கல்லுக்கு அவசரத்தில் எங்கே போவது? வீட்டுத் திருகையின் மேல்கல்லைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் அப்பா. அடுத்த வாரம் உளுந்து உடைக்கப் போனபோதுதான் அம்மா அதைக் கவனித்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"பாலு கட்டி நெஞ்சு வலி. பீச்சிப் பீச்சிச் செவுத்துல ஊத்துனேன்," என்றாள் அம்மா. "இப்பம் குடிக்கால்லா. குடிச்சிட்டுப் போறா. ஒனக்கு என்ன?"

திருகையின் கீழ்க்கல் எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் நான் பல் விளக்குவேன், பரீட்சைக்குப் படிப்பேன். மேல்கல் எங்கே என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. இப்போது அதில் உட்கார முடியவில்லை.

அன்றைக்கே சித்தப்பாவிடம் போனேன். கொட்டகையில் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"குழி வெட்டுனதே நாந்தானட்டி."

"தெரிஞ்சுமா கடை போட்டீங்க?"

"மொத நாளே ஒங்க அம்மை வந்து நின்னா. கல்லைப் பாத்தா, என்னையப் பாத்தா. மறுநாளு டம்ளரோட வாரா. நான் என்ன செய்ய, வெரட்டவா?" ஒரு பாட்டிலைத் துடைத்து வைத்தார். "நம்ம வீட்டுப் புள்ளைக்கு ஊரே பால் ஊத்துது. நீ படம் புடிச்சுச் சிரிக்கெ. யாரு மோசம், நீயே சொல்லு."

நண்பர்களிடம் ஆறாம் பாகம் வேண்டாம் என்றேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. மண் ஊதி வெடிப்பு மூடியது. ஓட்டையில் பால் தேங்கி ஈ மொய்த்தது. அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று ஊரில் பேசினார்கள், வேன் குறைந்தது. அம்மா மட்டும் போய் ஊற்றிவிட்டு, பால் நிற்பதைப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவாள்.

ஒரு நாள் டம்ளர் நிறைய பாலோடு திரும்பி வந்தாள். "ஏட்டி, பக்கத்துல தோண்டியிருக்காவ."

ஓடினேன். பக்கத்து ஓடையிலிருந்து கல் வரைக்கும் வாய்க்கால் மாதிரி வெட்டி, குழாய் பதித்து, பாதி மூடியும் ஆகிவிட்டது. சித்தப்பா முழங்கால் வரை சேற்றோடு நின்றார்.

"ஒன் நாடகத்துல பாத்தேன். நல்ல யோசனைட்டி," என்றார். கேலி இல்லை, மெச்சித்தான் சொன்னார். "கல்லை அசைக்கல பாத்துக்கோ. பக்கத்துல இருந்துதான் விட்டிருக்கேன்."

"உள்ள என்ன இருந்துச்சு?"

குழாயைப் பார்த்தார். "மண்ணு."

"வேற?"

"மண்ணுதான்னு சொல்லுதேம்லா."

அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. வெட்டிப் போட்ட மண் குவியலில் உட்கார்ந்து கையால் அலசினேன். சுண்ணாம்புக்கல், கோரைக்கிழங்கு, வேர். வேறு ஒன்றும் இல்லை. எதைத் தேடினேன் என்றும் எனக்குத் தெரியாது. அவர் தடுக்கவில்லை. போகவும் இல்லை. காதில் இருந்த பீடியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கரிசல் நகத்துக்குள் போனால் லேசில் வராது. கம்பெனியில் நாலைந்து நாள் கையை மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

அம்மாவிடம், மழைத் தண்ணீர் வடியத் தோண்டியிருக்கிறார், கல்லைத் தொடவில்லை என்றேன். மறுநாள் போனாள். பால் இறங்கியது. நான் ஓடைக்குள் இறங்கிப் பார்த்தேன். குழாய் வாயிலிருந்து வெள்ளையாகச் சொட்டியது. இரண்டு நாய்கள் நக்கிக்கொண்டிருந்தன.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "முந்தாநேத்து வரைக்கும் நின்னுச்சே, இன்னைக்குப் போயிட்டே. குடிக்காளாட்டி?"

என்னிடம் கேட்டாள். ரெண்டு லிட்டர் தண்ணீரை ஊற்றி ஊருக்கே விளக்கம் சொன்ன என்னிடம்.

"ஆமாம்மா, குடிக்கா," என்றேன்.

இப்போது அம்மாவுக்கு முன்னாலேயே காலையில் நான் ஓடைக்குப் போகிறேன். நாய்களை விரட்டுகிறேன். குழாய் வாய் வெளியே தெரியாமல் உடைமரத்து முள்ளை வெட்டிப் போட்டு, மேலே கையால் மண் அள்ளிப் போடுகிறேன். பால் வெளியே வர மட்டும் கொஞ்சம் இடம் விடுகிறேன். நேற்று சித்தப்பா கொட்டகையிலிருந்து பார்த்தார். மண்வெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்து வரப்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.