கதவைக் காட்டுங்க சார்

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் முதலில் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். அப்புறம் எந்த ஷிப்ட், வீட்டில் எத்தனை பேர், கறி சமைப்பீர்களா, வண்டி எங்கே நிறுத்துவீர்கள். எல்லாவற்றுக்கும் நானும் கணவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பதில் சொல்வோம். சாவி கைக்கு வரப்போகிற நேரம் பார்த்து நான் வாயைத் திறப்பேன்: "எங்ககிட்ட ஒரு நாய் இருக்குதுங்க." அவ்வளவுதான். "அப்டிங்களா, எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அதற்கு முன்பு சூளகிரியில் இருந்தோம். வீட்டைச் சுற்றி காலி இடம், கேட்பார் இல்லை. பக்கத்தில் கம்பெனிகள் வரவர அந்த இடத்துக்கும் ஆள் வந்து, சொந்தக்காரர் விற்றுவிட்டார். ஆவணிக்குள் காலி செய்யச் சொன்னார். இரண்டு பேருக்கும் வேலை ஓசூரில்தான் என்பதால் அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்தோம். நாய் வருமா என்ற கேள்வியே எங்களுக்கு எழவில்லை. மகள் நடக்கப் பழகியதே அந்த நாயின் வாலைப் பிடித்துக்கொண்டுதான். செவலை நிறம், சாதாரண நாட்டு நாய், மூக்கைச் சுற்றி மட்டும் கரி பூசிய மாதிரி இருக்கும். இப்போது அந்தக் கரியிலும் நரை. அவளுக்குப் பேர் உண்டு. அதை இங்கே சொல்லமாட்டேன், ஆளாளுக்குக் கூப்பிட்டுக் கெடுத்துவிடுவீர்கள்.

நாலைந்து வீடுகள் கை நழுவியதும் கணவரின் தம்பி போன் செய்தார். அவருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டி ராகி வயல். "இங்க கொண்டாந்து விடுங்க அண்ணி, காவலுக்காச்சும் ஆவும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அங்கே யானை வந்தால் விரட்டுவதற்குப் பட்டாசு வெடிப்பார்கள். எங்கள் நாய்க்கோ தீபாவளி என்றால் உயிர் போய் உயிர் வரும். கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டே மூத்திரம் போய்விடுவாள், இரண்டு நாள் சோறு தொடமாட்டாள். அந்த வயலில் இதற்கு முன் இருந்த நாய் ஒரு நாள் வெடிச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது, திரும்பவே இல்லை. இவளை அங்கே அனுப்புவதும் சாகக் கொடுப்பதும் ஒன்றுதான். மகள் அதைக் கேட்டு அழவில்லை. தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்து, "அப்ப நானும் அங்க போறேன்" என்றாள்.

கூட வேலை செய்கிறவர்கள் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: நாயைப் பற்றிச் சொல்லாதே, குடிபோன பிறகு மெதுவாக உள்ளே கொண்டுவா. என்னால் முடியாது. நான் பார்ப்பது இன்ஸ்பெக்ஷன் வேலை. வெளியிலிருந்து வருகிற உதிரி பாகங்களைச் சோதித்து, சரியானதை பாஸ் செய்து, பச்சை பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து அனுப்புவேன். பெட்டிக்கு அடியில் ஒளித்து அனுப்பிய பழுதான பீஸ் என்றைக்காவது அசெம்பிளி லைனில் மாட்டும், அன்றைக்கு அனுப்பினவன் மானமும் சேர்ந்து போகும். தினம் பார்க்கிறேன். என் நாய் திருட்டுத்தனமாக ஒரு வீட்டில் வாழ வேண்டாம்.

அந்த வாரக் கடைசியில்தான் அந்த வீடு அமைந்தது. கீழே காலி, மேலே ஓனர் குடும்பம். சுற்றுச்சுவர், ஒரு கொய்யா மரம், காற்றோட்டம். கேட்டில் ஒரு தகரப் பலகை தொங்கியது: "நாய் வளர்ப்பவர்கள் வர வேண்டாம்." கணவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "எழுதியே வச்சிருக்காங்க, வா போலாம்." எனக்குப் பிடிவாதம் தலைக்கேறிவிட்டது. "கேட்டா என்ன, கடிச்சா முழுங்கிடுவாரு?" என்று கேட்டைத் திறந்துவிட்டேன்.

ஓனர் தெலுங்குக்காரர், இந்த ஊர் மண்ணின் பழைய குடும்பம். வேட்டி, கையில்லாத பனியன், சிரிப்பே கிடையாது. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். எங்களிடம் நீட்டுவதற்கு முன் ஓனர் ஒரு டம்ளரை எடுத்து அதன் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று எங்கள் தொழில்காரர்கள் பார்க்கிற தடவல் அது. நானும் வீட்டில் அதையே செய்வேன், கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

"சார் எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தீங்க?" என்றேன்.

"ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்" என்றார். "ரிட்டையர் ஆயிட்டேன். ஏம்மா?"

"நான் இன்கமிங் சார்." முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சூட்டோடு சொல்லிவிட்டேன், எங்களிடம் நாய் இருக்கிறது என்று.

"கேட்ல போர்டு பாக்கலியா?"

"பாத்தேன் சார். அந்த போர்டு ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"ஏன்னா கதவு" என்றார். முன்பு இருந்தவர்கள் ஒரு நாய் வைத்திருந்தார்களாம். அது கதவைப் பிறாண்டியே பாழாக்கிவிட்டதாம். கதவு சாதாரணக் கதவு இல்லை, அவர் தோட்டத்துத் தேக்கு. அவர் அப்பா வைத்த மரம். சொல்லும்போதே குரல் ஏறியது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டு வைத்து அனுப்பிய சரக்கை ரிஜெக்ட் செய்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் நாங்கள் கெஞ்சவும் மாட்டோம், சண்டை போடவும் மாட்டோம். ரிஜெக்ட் ஆன பீஸைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்போம். யாரும் மறுக்க முடியாது. அதைத்தான் கேட்டேன்.

"கதவைக் காட்டுங்க சார்."

கணவர் காபியை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார். ஓனரோ சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

கீழ் வீட்டுக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு போன் டார்ச்சைப் போட்டுக் குத்தவைத்தேன். நிஜமாகவே பாவம்தான், நல்ல மரம். ஆனால் கீறல் முழுக்க உள்பக்கம். அதுவும் கதவு திறக்கிற ஓரத்தில், அடியில், ஒரே இடத்தில். நிலைச்சட்டத்தில் ஒன்றுமில்லை. மற்ற அறைக் கதவுகளில் ஒன்றுமில்லை. எழுந்து போய் ஜன்னலைப் பார்த்தேன். கேட்டைப் பார்த்த ஜன்னல். அந்தத் திண்டிலும் நகம் பட்ட தடம் இருந்தது. அந்த நாய் அங்கே நின்று நின்று கேட்டைப் பார்த்திருக்கிறது.

"அவங்க எந்த ஷிப்ட் சார்?"

"ரெண்டு பேரும் ஜெனரல். காலைல பூட்டினா பொழுது சாஞ்சாதான் வருவாங்க."

"அப்ப இது பீஸ்ல டிஃபெக்ட் இல்ல சார். பிராசஸ்ல. நாள் பூரா உள்ள போட்டுப் பூட்டினா நீங்களும் நானும் கூட கதவைப் பிறாண்டுவோம்."

ஓனர் குனிந்து, அந்தக் கீறலை நகத்தால் மேலிருந்து கீழே ஒரு முறை தடவினார். "அது குலைக்கும், அழும்" என்றார் மெதுவாக. "நான்தான் கம்பால மாடிப்படியைத் தட்டுவேன், கம்னு இருன்னு." பிறகு சட்டென்று பழைய ஆளாகிவிட்டார். "சரி. கரெக்டிவ் ஆக்ஷன் என்னா?"

"நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போறேன். இவரு செகண்ட் ஷிப்ட் போவாரு. யாராச்சும் ஒருத்தர் வீட்ல இருப்போம்."

கணவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவர் ஷிப்ட் மாறப்போகிற விஷயம் அவருக்கே அப்போதுதான் தெரியும்.

"நடுவுல ஒரு கேப் இருக்குதே" என்றார் ஓனர். பழம் தின்று கொட்டை போட்டவர், விடுவாரா? "இவர் பஸ் ஏறி நீ வந்து எறங்கற வரைக்கும்?"

"அந்நேரம் தூங்குவா சார். கதவுக்கு நான் பொறுப்பு."

ஓனர் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "ஆயுத பூஜை வரைக்கும் ட்ரையல். ஒரு சாவி என்கிட்ட இருக்கும், எப்ப வேணா வந்து பாப்பேன். ஒரு கீறல் விழுந்தாலும் நாய் போயிடணும். சரியா?" சரி என்றேன். தெருமுனை தாண்டியதும் கணவர் "உனக்கு நாய் முக்கியமா நான் முக்கியமா?" என்றார். "ட்ரையல்ல இருக்கறது நாய்தான், நீங்க இல்ல" என்றேன். சிரித்துவிட்டார், நல்ல மனுஷன்.

அந்த நாட்களில் நானும் அவரும் வார நாட்களில் வீட்டில் முகம் பார்த்துக்கொண்டதே அபூர்வம். என் கம்பெனி பஸ் வரும்போது எதிரே அவருடையது போகும். ஜன்னல் வழியே கையால் ஜாடை காட்டுவார்: சாப்பிட்டாள், தூங்குகிறாள். காதலித்த காலத்தில்கூட இப்படி ஜாடை பேசியதில்லை. ஓனர் சொன்னபடியே திடீர் திடீரென்று வருவார். கதவின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவுவார், "பீஸ் எப்படி இருக்குது?" என்று கேட்பார், அவளைப் பார்க்காமலே போய்விடுவார். அவளோ அவர் கால் சத்தம் கேட்டாலே வாலால் தரையை அடிக்கத் தொடங்குவாள். மேலே இருந்து ஓனரம்மா "ரா ரா" என்று கூப்பிட்டுக் களி உருண்டை போடுவதை நான் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வரை எல்லாம் சரியாகப் போனது. மகள் பரீட்சை லீவுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். கணவர் வழக்கம்போல இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே என் கம்பெனியிலோ லீவுக்கு முன் அனுப்பியாக வேண்டிய லோடு நின்றுகொண்டிருந்தது. என்னை மாற்ற வரவேண்டிய ஆள் வரவில்லை. "நீங்க இருந்துதான் ஆவணும்" என்று சூப்பர்வைசர் கையைப் பிடிக்காத குறை. செல்போனை கம்பெனி கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாரிடமும் சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு பீஸாகப் பச்சைப் பொட்டு வைக்கிறேன், மனதுக்குள் தேக்குக் கதவு ஓடுகிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விட்டார்கள். பஸ் எங்கள் ஏரியாவுக்குள் திரும்பும்போது வெடிச் சத்தம் கேட்டது. பட்டறைகளில் பூஜையை முன்கூட்டியே முடித்துவிட்டு சரம் சரமாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். இதை நான் மறந்தே போயிருந்தேன். எதற்குப் பயந்து அவளைத் தேன்கனிக்கோட்டைக்கு அனுப்பாமல் இருந்தேனோ, அது வாசலுக்கே வந்துவிட்டது. தனியாக, பூட்டிய வீட்டுக்குள், இந்தச் சத்தத்தில் அவள். அப்போது கதவுகூட எனக்கு இரண்டாம்பட்சம்தான். கேட்டிலிருந்து செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக ஓடினேன்.

பூட்டு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அவள் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை, குளியலறையில் இல்லை. கதவின் உள்பக்கத்தைத் தடவினேன். பழைய கீறல் மட்டும்தான், புதிதாக ஒன்றுமில்லை. ஓனர்தான் திறந்து வெளியே துரத்திவிட்டார் என்றே நினைத்தேன். எனக்கு வந்த கோபத்தில் மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. "சார், எங்க சார் அவ?" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன்.

டிவி அலறிக்கொண்டிருந்தது. ஜன்னலையெல்லாம் சாத்தி, ஓனர் நாற்காலியில் இல்லாமல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு என் நாய். அவளுடைய இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்தியிருந்தார். பக்கத்தில் ஓனரம்மா தயிர்சோற்றுக் கிண்ணத்தோடு.

"எங்கம்மா போன நீ?" என்று அவர் என்மேல் பாய்ந்தார். "அம்மாயி எப்டி நடுங்குது பாரு! மத்தியானத்துலேர்ந்து தனியா இருக்குது. தனியா விடக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவ நீதானே?" தெலுங்கில் அம்மாயி என்றால் பெண்பிள்ளை. அதுவரை 'பீஸ்' என்றே சொல்லிவந்த மனுஷன்.

சண்டை போடப் போன இடத்தில் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதும் அதில் இவ்வளவு சந்தோஷப்பட்டதும் என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். லோடு, லீவு, ஆள் வரவில்லை என்று ஏதோ உளறினேன்.

"இன்னொரு தபா இந்த மாதிரி சொல்லாம பூட்டிட்டுப் போனா" என்றார், விரலை நீட்டி, "நீங்க வீட்டைக் காலி பண்ணிக்கோங்க. இவ இங்கயே இருப்பா."

மறுநாள் காலை அவர் தன் ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், வெல்வெட் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த, அளவு பார்க்கிற பழைய மைக்ரோமீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே கீழே வந்தார். கேட்டில் அந்தத் தகரப் பலகை இல்லை, கம்பி மட்டும் தொங்கியது. பூஜைக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து ஓடிவந்த மகள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஓனர் எங்கள் கதவுக்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு குனிந்து நாயின் நெற்றியில் ஒன்று வைத்தார். என்னைப் பார்த்து, தொழில்காரனிடம் தொழில்காரன் சொல்கிற மாதிரி, "பாஸ்" என்றார்.